கையைக் கட்டிக்கொண்டு ஒரு வேலை

காலை ஆறரை மணி. பெங்களூரின் தென்பகுதியில் தரைத்தளத்து வாடகை வீடு ஒன்றின் சமையலறை. 43 வயது மனிதர் ஒருவர் நந்தினி பால் கவரின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டப் பார்க்கிறார். முதல் முறை கத்தரிக்கோல் நழுவுகிறது. இரண்டாவது முறை கவர் நழுவுகிறது. மூன்றாவது முறை வெட்டு கொஞ்சம் பெரிதாகிவிட, பாலில் கால்பங்கு மேடையில் ஓடுகிறது. இரண்டடி தள்ளி ஒரு பெண் நிற்கிறார். கவரைக் கையில் வாங்கியிருந்தால் நான்கு விநாடியில் முடிந்திருக்கும். அவர் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பாலைப் பார்க்கிறார், மனிதரின் முகத்தைப் பார்க்கிறார். மனிதர் இப்போது துடைக்கத் துணி தேடுகிறார். துணி எங்கே இருக்கிறது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். சொல்லவில்லை.

பார்ப்பவர்களுக்குக் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் இதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இந்த வேலைக்கு இன்னும் சரியான பெயர் கிடைக்கவில்லை. அவர் நர்ஸ் இல்லை, டீச்சர் இல்லை, ஆயா இல்லை, விடுதி வார்டனும் இல்லை. ஆவணங்களில் உதவியாளர், பராமரிப்பாளர் என்று ஏதாவது எழுதியிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் 'அக்கா' என்கிறார்கள். பெங்களூரில் இது வசதி. தமிழிலும் அக்கா, கன்னடத்திலும் அக்கா. அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: துணை. வழித்துணைக்கு வருபவர் நம்மைத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. நடப்பது நாம்தான். இருட்டில் பக்கத்தில் இன்னொரு காலடிச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு டவுன் சின்ட்ரோம், ஒருவருக்கு ஆட்டிசம், மூன்றாமவருக்கு அறிவு வளர்ச்சி மெதுவாக நின்றுவிட்டதற்கு என்ன காரணம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் இவர்கள் எல்லோரையும் 'மனவளர்ச்சி குன்றியவர்கள்' என்று ஒரே சொல்லில் அடக்கினோம். அதற்கு முன்பு சொன்னவை அச்சில் ஏற்றக்கூடிய சொற்கள் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்தப் பழைய தலைப்பின் கீழேயே நாடு முழுவதும் சுமார் 15 லட்சம் பேரைக் கணக்கில் சேர்த்தது. விடுபட்டவர்கள் நிறைய இருப்பார்கள். கணக்கெடுக்க வருபவரிடம் எந்தக் குடும்பம் எல்லாவற்றையும் சொல்கிறது?

இவர்களில் பெரும்பாலோர் இருப்பது பெற்றோரின் வீட்டில். அதில் தவறொன்றும் இல்லை. சிக்கல் காலண்டரில் இருக்கிறது. டவுன் சின்ட்ரோம் உள்ளவரின் சராசரி ஆயுள் 1983இல் அமெரிக்கக் கணக்குப்படி 25 வயதுதான். இன்று அது 60ஐத் தொடுகிறது. இதயக் குறைபாட்டுக்கு அறுவைச் சிகிச்சை வந்தது, தொற்றுநோய்க்கு மருந்து வந்தது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் முன்பெல்லாம் பெற்றோர் இருக்கும்போதே பிள்ளை போய்விடும். இப்போது பிள்ளைக்கு 50 ஆகும்போது பெற்றோர் இருப்பதில்லை. 'எனக்குப் பிறகு யார்?' என்ற கேள்வி இந்தத் தலைமுறைப் பெற்றோருக்குத்தான் இவ்வளவு கூர்மையாக வந்திருக்கிறது. கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு அவர்களில் பலர் என்ன வேண்டிக்கொள்கிறார்கள் என்பதை வெளியில் சொல்வதில்லை. 'எனக்கு ஒரு நாள் முன்னால் அவன் போய்விட வேண்டும்' என்பதே அந்த வேண்டுதல். பெற்ற பிள்ளையின் சாவை வேண்டும் அளவுக்கு ஒரு தாயைக் கொண்டுபோய் நிறுத்தும் நிலைமையைப் பற்றி நாம் போதிய அளவு வெட்கப்படவில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதில் பெங்களூர் கொஞ்சம் முன்னால் நடந்த ஊர். இங்கே 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது, 1974இல் அது பழைய மனநல மருத்துவமனையோடு சேர்ந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. பிள்ளையின் அறிவுத்திறனை அளந்து சான்றிதழ் வாங்கத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் குடும்பங்கள் ஓசூர் சாலை வழியாக வந்துபோயின. பெற்றோர் சங்கமும் இங்கே வலுவாக அமைந்தது. 1990களின் நடுவில் பல மாநிலப் பெற்றோர் சங்கங்கள் சேர்ந்து அமைத்த 'பரிவார்' கூட்டமைப்பின் முன்னணித் தலைவர்களில் ஒருவர் பெங்களூரின் ஜே.பி. கட்கரி. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்ததில் இந்தப் பெற்றோர்களின் நச்சரிப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தக் கூட்டமைப்புக்கும் சட்டத்துக்கும் முன்பே, 1970இல், பன்னேர்கட்டா சாலையில் ஒரு வீடு திறந்தது. பெயர் ஆஷா நிகேதன், நம்பிக்கை இல்லம். அதன் வேர் பிரான்சில் இருந்தது. ழான் வனியே என்ற கனடா நாட்டு முன்னாள் கடற்படை அதிகாரி 1964இல் த்ரோஸ்லி என்ற கிராமத்தில் ஒரு வீட்டை வாங்கி, பெரிய விடுதி ஒன்றில் அடைபட்டுக் கிடந்த இரண்டு ஆண்களை அழைத்து வந்து அவர்களோடு குடியிருக்கத் தொடங்கினார். 'லார்ஷ்' என்று அந்த வீட்டுக்குப் பெயரிட்டார். நோவாவின் பேழை என்று பொருள். அதன் முதல் இந்திய வீடுதான் பெங்களூரில் வந்தது. அதுவரை கிறிஸ்தவர்களின் முயற்சியாக இருந்த ஒன்று இங்கே இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் ஒரே பந்தியில் உட்காரும் வீடாக மாறியது. பிறகு கொல்கத்தாவிலும் சென்னை கொட்டிவாக்கத்திலும் கேரளத்தின் நந்தி பஜாரிலும் கிளை விட்டது. விடுதி என்றால் நூறு கட்டில், ஒரு மணி அடித்தால் எல்லோருக்கும் ஒரே கஞ்சி என்று இருந்த காலத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குடும்பமாக, உதவியாளர்களும் அதே வீட்டில் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு வாழ்வது என்பது சாதாரண யோசனை அல்ல.

வனியே 2019இல் காலமானபோது உலகமே அவரைப் புனிதர் என்று எழுதியது. 2020இல் லார்ஷ் தானே நியமித்த விசாரணையின் அறிக்கை வந்தது. ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் அவர் பல ஆண்டுகளாகப் பெண்களைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்றது. 2023இல் வந்த விரிவான அறிக்கை, பாதிக்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கை குறைந்தது 25 என்றது. அவர்களில் யாரும் அறிவுசார் குறைபாடு உள்ளவர் அல்ல. என்றாலும் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. வீடுகள் கெட்டவை அல்ல. அவற்றில் ஐம்பது ஆண்டுகளாக யார் யாரோ பாத்திரம் கழுவி, நகம் வெட்டிவிட்டு, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்து செய்த வேலை அந்த மனிதரின் சொத்து அல்ல. ஆனால் நல்லெண்ணம் மட்டுமே சாட்சியாக இருக்கும் இடத்தில் அதிகாரம் எப்படி வேலை செய்யும் என்பதை அந்த அறிக்கைகள் காட்டின. இந்த வேலையில் அதிகாரம் மிக மிகச் சிறிய பொருள்களில் இருக்கிறது. பணப்பெட்டியின் சாவி, ஏ.டி.எம். எண், குளியலறைத் தாழ்ப்பாள், மாலையில் டிவி ரிமோட். யார் கையில் எது இருக்கிறது என்று பார்த்தால் அந்த வீடு வீடா விடுதியா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பன்னேர்கட்டா பக்கம் இன்னொரு பரம்பரையும் இருக்கிறது. ஹிட்லரிடமிருந்து தப்பி வியன்னாவை விட்டு ஓடிய கார்ல் கோனிக் என்ற குழந்தை மருத்துவர் 1940இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் அருகே தொடங்கிய கேம்ப்ஹில் சமூகங்களின் இந்தியக் கிளை அது. ஜெர்மனியிலிருந்து ஓராண்டுத் தொண்டுக்கு வரும் இளைஞர்கள் அங்கே தோட்ட வேலையோடு கன்னடமும் கொஞ்சம் கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள்.

இவையெல்லாம் சேர்ந்து வாழும் வீடுகள். தனித்து வாழ்வது அதற்கு அடுத்த படி. இரண்டு மூன்று பேர் சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் இருப்பது, தேவையான நேரத்துக்கு மட்டும் துணை வந்துபோவது. இந்தியாவில் இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடிய முயற்சிகள்தான். வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கும்போது சிரிப்பார், குடி வருபவர்களைப் பார்த்ததும் 'மேல் மாடியில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள்' என்பார். இவர்களால் அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்று கேட்டால் பதில் இருக்காது.

'தனித்து வாழ்வதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்குக் குடும்பம் இருக்கிறது' என்று சொல்பவர்கள் உண்டு. தனித்து வாழ்வது என்றால் யாருமில்லாமல் வாழ்வது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அப்படி யார்தான் வாழ்கிறோம்? காபி போடத் தெரியாத, தன் பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாத குடும்பத் தலைவர்கள் நம் நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, யாரை வீட்டுக்குள் விடுவது என்று முடிவு செய்ய அவர்களுக்கு முடிகிறது. காபி போட்டுக் கொடுக்க இன்னொருவர் இருக்கிறார். அதைத்தான் இந்த மூன்று பேரும் கேட்கிறார்கள்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் சமூகத்தோடு வாழும் உரிமையைத் தருகின்றன. குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, தனிப்பட்ட உதவியாளர் உட்படப் பல சேவைகள் கிடைக்க வேண்டும் என்கின்றன. இந்தியச் சட்டத்தில் மட்டும் அரசு அதற்கு 'முயல வேண்டும்' என்று ஒரு சொல் இருக்கிறது. அரசு முயல்வது என்றால் என்ன என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

சமையலறைக்குப் போவோம். தேநீர் போடுவது ஒரு வேலை என்று நாம் நினைக்கிறோம். துணை நிற்பவரின் கணக்கில் அது 17 வேலை. பாத்திரம் எடுப்பது ஒன்று, தண்ணீர் அளப்பது ஒன்று, அடுப்பின் திருகை அழுத்தியபடியே திருப்புவது ஒன்று. ஒவ்வொன்றையும் படமாக வரைந்து சுவரில் ஒட்டுகிறார்கள். கற்பிப்பது பெரும்பாலும் கடைசியிலிருந்து. முதல் வாரம் மற்ற பதினாறையும் துணை செய்வார், டம்ளரில் ஊற்றுவது மட்டும் கற்பவரின் வேலை. அடுத்த வாரம் வடிகட்டுவதும் ஊற்றுவதும். ஏன் இப்படித் தலைகீழாக என்றால், இந்த வழியில் ஒவ்வொரு நாளும் முடிவது 'நான் போட்ட டீ' என்பதில். முன்னாலிருந்து தொடங்கினால் ஆறு மாதத்துக்குப் பாத்திரம் எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பவராகத்தான் இருப்பார். எளிமையான உத்தி. ஆனால் கண்டுபிடித்தவர் மனிதர்களைக் கவனித்திருக்கிறார்.

கற்பிப்பதைவிடக் கடினம் விலகுவது. முதலில் கை பிடித்துக் காட்டுவது, பிறகு விரலால் சுட்டுவது, பிறகு வாயால் சொல்வது, பிறகு படத்தைப் பார்ப்பது, கடைசியில் ஒன்றும் செய்யாமல் நிற்பது. அந்தக் கடைசிப் படியில் துணை நிற்பவரின் உடம்பே எதிர்க்கும். நம் வீடுகளில் வளர்ந்த பெண்ணுக்குச் சிந்திய பாலைத் துடைக்காமல் நிற்பது மூச்சடக்குவது போல. அதனால்தான் கையைக் கட்டிக்கொள்வது.

கடைக்குப் போவதற்கு பெங்களூர் நல்ல பள்ளிக்கூடம். இந்த ஊரின் தர்ஷினி ஓட்டல்களில் எல்லாமே வரிசைப்படி நடக்கும். விலைப் பலகை, பணம் கட்டும் இடம், டோக்கன், கவுன்டர், நின்றுகொண்டே சாப்பிட உயர மேசை. தினமும் மாறாத ஒழுங்கு. ஆட்டிசம் உள்ளவருக்கு இதைவிட மரியாதையான ஓட்டல் வகையை யாரும் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் பணம் மாறிவிட்டது. இரண்டாண்டு பாடுபட்டுப் பத்து ரூபாய் நாணயத்துக்கும் இருபது ரூபாய் நோட்டுக்கும் வித்தியாசம் கற்றுக்கொண்டவர் எதிரில், இளநீர் வண்டியில்கூட க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. சில்லறை எண்ணத் தெரியாதவருக்குப் போனில் கட்டுவது உண்மையில் சுலபம்தான். ஆனால் போனில் இருக்கும் ரகசிய எண் யாருடைய ரகசியம்? மறுபடி அந்தச் சாவிக் கேள்வியே வந்து நிற்கிறது.

வேலை வாய்ப்புப் பற்றி இப்போது பத்திரிகைகள் எழுதுகின்றன. 2017இல் ஹூப்ளியில் தொடங்கிய 'மிட்டி கஃபே'யின் கிளை 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்துக்கே போனது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் காபி பரிமாறும் படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. நல்லதுதான். அதே மனிதர் ஆறு மணிக்கு ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு எங்கே போகிறார், கதவை யார் திறக்கிறார்கள் என்பதற்குப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

மொழியில் ஒரு விஷயம் இருக்கிறது. 43 வயது மனிதரை எல்லோரும் 'வாடா கண்ணா' என்கிறார்கள். டாக்டர் அவரிடம் பேசுவதில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் 'இவனுக்கு என்ன பண்ணுது?' என்கிறார். காது நரைத்த மனிதரைப் 'பாப்பா' என்று கூப்பிடும் குடும்பங்கள் உண்டு. அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் குழந்தைக்கு யாரும் வீட்டுச் சாவி கொடுப்பதில்லை, சம்பளம் கொடுப்பதில்லை, காதலித்தால் நம்புவதில்லை. அதனால் நல்ல வீடுகளில் துணையாக வருபவருக்கு முதல் பாடம், 'நீங்கள்'. கன்னடத்தில் 'பா' என்றால் வா, 'பன்னி' என்றால் வாருங்கள். தமிழ்க் காதில் இந்த மரியாதை எப்படி விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒசூர் பக்கத்திலிருந்து வேலைக்கு வருபவர்கள் முதல் வாரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'பன்னி, பன்னி' என்று பழகுகிறார்கள். மரியாதை சொல்லில் தொடங்கி மெல்ல நடத்தைக்கு வருவதும் உண்டு. பெயரோடு 'சார்' சேர்த்தவுடன் கதவைத் தட்டாமல் அறைக்குள் நுழையக் கூச்சமாகிவிடுகிறது.

பஸ் பயணம்தான் பெற்றோருக்கும் துணைக்கும் நடுவே சண்டை வரும் இடம். மெஜஸ்டிக்கிலிருந்து பன்னேர்கட்டா போகும் 365ஆம் எண் பஸ்ஸில் துணை முதலில் பக்கத்து இருக்கையில் உட்காருவார். பிறகு பின் வரிசையில். பிறகு நிறுத்தத்தில் இறக்கிக்கொள்ள மட்டும் நிற்பார். ஒரு நாள் தனியாக வர வேண்டியவர் வரமாட்டார். அரை மணி, ஒரு மணி. வேறு பஸ்ஸில் ஏறியிருப்பார். போன் எடுத்தால் பதில் பேச வராது. அந்த ஒரு மணி நேரத்தில் துணை நிற்பவருக்கு வயதாகிவிடும். கடைசியில் யாரோ ஒரு கண்டக்டர் சட்டைப் பையிலிருக்கும் அட்டையைப் பார்த்து இறக்கிவிட்டு, மனிதர் தானே நடந்து வருவார், ஒன்றும் நடக்காதவர் போல. அன்று இரவு அம்மா போனில், 'உங்களை நம்பித்தானே விட்டேன்?' என்பார். அம்மா சொல்வதில் தவறில்லை. மறுநாள் மறுபடி தனியாக அனுப்ப வேண்டும் என்று துணை சொல்வதிலும் தவறில்லை. ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் 1972இல் எழுதிய கட்டுரையில் 'ஆபத்தின் கண்ணியம்' என்ற சொற்சேர்க்கையைப் பயன்படுத்தினார். விழக்கூடிய வாய்ப்பை முழுக்கப் பறிப்பதும் ஒருவகை அவமதிப்பு என்பது அவர் கருத்து. கட்டுரையில் படிக்க அழகாக இருக்கிறது. வாசலில் நின்றுகொண்டு கடிகாரம் பார்ப்பவருக்கு அது வேறு மாதிரி இருக்கும்.

பெண்கள் வாழும் வீடுகளில் இந்த வேலை இன்னும் நுணுக்கமானது. 1994 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த பெண்கள் சிலரின் கருப்பைகள் பூனா அரசு மருத்துவமனையில் அகற்றப்பட்டன. மாதவிலக்கின்போது தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாது என்பது சொல்லப்பட்ட காரணம். நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகுதான் நின்றது. எந்தக் காரணத்துக்காக அங்கே கத்தி எடுத்தார்களோ அதே விஷயத்தை ஒரு அக்கா நாலைந்து படங்களையும், சிவப்பு மை தொட்ட பஞ்சையும், மூடிபோட்ட ஒரு வாளியையும் வைத்துக் கற்றுக்கொடுக்கிறார். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடம் ஆகலாம். சிலருக்கு எப்போதும் உதவி தேவைப்படும், அப்போது உதவுகிறார். அரசு இல்லத்தில் அப்படி ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதைவிட அறுவைச் சிகிச்சை மலிவு என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2009இல் சண்டிகர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண்ணின் கர்ப்பத்தை அவர் சம்மதமின்றிக் கலைக்க முடியாது என்றது. தன் உடம்பு பற்றிய சொல் அவருடையது என்று ஏற்றது. அந்தச் சொல்லைக் கேட்கப் பொறுமையுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அது கேட்கும்.

வாக்குரிமையும் இவர்களுக்கு உண்டு. நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று அறிவித்தாலன்றி அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது. 2024 ஏப்ரல் 26 அன்று பெங்களூர் வாக்களித்தபோது வாக்குச்சாவடி வரை கூடப் போவது துணையின் வேலையாக இருந்தது. திரும்பும் வழியில் 'யாருக்குப் போட்டீங்க?' என்று கேட்காமலிருப்பதும் அதே வேலைதான்.

இத்தனையும் செய்பவருக்கு என்ன கிடைக்கிறது? அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வீட்டில் சமைத்தால் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கலாம். சுவீடனில் 1994இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தனிப்பட்ட உதவியாளரை உரிமையாக்கியது. உதவியாளரைத் தேர்ந்தெடுப்பது உதவி பெறுபவர், சம்பளம் பொதுப்பணம். இங்கே தேசிய அறக்கட்டளையின் திட்டங்கள் இருக்கின்றன. வாழ்நாள் இல்லத்துக்கு 'கரௌந்தா', மருத்துவக் காப்பீட்டுக்கு 'நிராமயா', பராமரிப்பாளர் பயிற்சிக்கு 'சஹயோகி'. மறுவாழ்வுக் கவுன்சிலும் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இல் ஆறு மாதப் படிப்பு ஒன்றைத் தொடங்கின. பெயர்களுக்கு நம்மிடம் என்றுமே பஞ்சமில்லை. படிப்பு முடித்து வரும் பெண்ணுக்கு மாதம் முதல் தேதி யார் சம்பளம் போடுவார்கள் என்பதற்குத்தான் திட்டம் இல்லை. இப்போது போடுவது பெரும்பாலும் வயதான பெற்றோரும் நன்கொடையாளர்களும்தான். பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்குத் துணை கிடைக்கிறது. கொத்தனார் மகனுக்கு அம்மாதான் துணை, அம்மா இருக்கும்வரை.

கையெழுத்துப் பிரச்சினை தனி. பிள்ளைக்கு 18 முடிந்ததும் சட்டப்படி பெற்றோர் இயற்கைப் பாதுகாவலர் இல்லை. 1999 சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுப்போட்டு நியமனம் வாங்க வேண்டும். அந்தக் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. 2016 சட்டம் இன்னும் மேலே போய், பாதுகாவலர் தேவைப்பட்டாலும் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அதுவும் சம்பந்தப்பட்டவரைக் கலந்து என்கிறது. வங்கிக் கவுன்டரில் இதையெல்லாம் எடுத்துச் சொல்வதும் அக்காவின் தலையில் விழுகிறது. கவுன்டருக்குப் பின்னால் இருப்பவர், 'அவருக்குப் புரியுமா?' என்று அக்காவைப் பார்த்துக் கேட்பார். 'அவரைக் கேளுங்க சார்' என்று சொல்லிவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். திரும்பவில்லை என்றால் கேள்வி மறுபடி அவரிடமே வரும்.

டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் மற்றவர்களைவிட வெகு சீக்கிரம் வருகிறது. 50 வயதுக்குள்ளேயே வரலாம். பத்தாண்டு பாடுபட்டுக் கற்ற படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். கட்டிய கையை அவிழ்த்து, விலகிய தூரமெல்லாம் திரும்ப நெருங்கி வர வேண்டிய காலம் அது. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இதற்குச் சுவரில் ஒட்டும் படம் இல்லை.

அதைவிடக் கடினம் அப்பா இறந்த செய்தி. 'அவனுக்கு என்ன புரியப்போகிறது?' என்று உறவினர்கள் சாவு வீட்டுக்கு அழைத்துப்போவதில்லை. 'அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஊருக்குப் போனவர் திரும்ப வர வேண்டும் அல்லவா? ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். விவரம் தெரிந்த அக்காக்கள் சண்டை போட்டாவது அழைத்துப்போகிறார்கள். உடலைப் பார்க்கட்டும், தொடட்டும், குளிர்ந்திருப்பது கைக்குத் தெரியட்டும். அழட்டும். அழாமல் பக்கத்திலிருக்கும் வாழைப்பழத்தைக் கேட்டாலும் கொடுக்கட்டும். ஊரார் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அக்காக்களும் போகிறார்கள். கல்யாணம் ஆகிறது, ஓசூரில் கம்பெனி வேலை கிடைக்கிறது, முதுகு வலி வருகிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஒரு துணை போய் இன்னொன்று வருவது இந்த வீடுகளின் தீராத துக்கம். போகிறவர் வருகிறவருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் விட்டுச் செல்வது வழக்கம். மருந்து, வேளை, டாக்டர் போன் எண் எல்லாம் முதல் பக்கத்தில். பின் பக்கங்களில்தான் விஷயம் இருக்கும். இடி இடித்தால் விளக்கைப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்காரவும். சாம்பாரில் முருங்கைக்காய் வேண்டாம் என்பார், தனியாக வைத்தால் சாப்பிடுவார். நீலச் சட்டையைத் துவைக்கும்போது கேட்டுவிட்டு எடுக்கவும். கோபம் வந்தால் வெளியே போய் நடப்பார், தெருமுனை மெடிக்கல் ஷாப் வரை போய்த் திரும்புவார், பின்னாலேயே போக வேண்டாம். தங்கை போன் பண்ணினால் போனைக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடவும்.